கொங்குப் பக்கம் காலேஜ் ஃபுட்பால் கோச் ஆகோணுமா? ரெண்டு ரூட்டையும் சேத்துப் புடிங்க

காலேஜ் டீம்ல ஆடிட்டு ஃபைனல் இயர் வந்த பசங்க நெறயப் பேரு ஒரே கேள்விய கேக்குறாங்க, "அண்ணா, ஃபுட்பாலை விட மனசே வரல, கோச் ஆகோணும், எங்க ஆரம்பிக்கறது?"னு. கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல்னு நம்ம பக்கம் காலேஜுக்கு பஞ்சமே இல்ல, கிரவுண்டும் இருக்கு, ஆனா வழி சொல்ல ஆள் கம்மி. அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோணும். பெரும்பாலான காலேஜ்ல "ஃபுட்பால் கோச்"னு பெர்மனெண்ட் போஸ்டே கெடையாதுங்க. ரெண்டு விதமாத்தான் உள்ள போக முடியும். ஒண்ணு ஃபிசிக்கல் டைரக்டர், நாம பி.டி. சார்னு கூப்புடுவோமே அவரு, கபடியில இருந்து செஸ் வரைக்கும் எல்லா கேமும் அவரு தலையிலதான். இன்னொன்னு காலையும் சாயந்தரமும் வந்து டீமை மட்டும் பாத்துட்டுப் போற பார்ட் டைம் கோச். நீங்க ஆசப்படறது ரெண்டாவது வேலைய, ஆனா கல்யாணம் காட்சின்னு குடும்பம் ஆனதுக்கப்பறம் சோறு போடறது மொதல் வேலை. அதனால ஒரு கையில படிப்பு, இன்னொரு கையில கோச்சிங் லைசன்ஸ்னு ரெண்டையும் ஒண்ணா ஓட்டோணும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். ஒண்ண முடிச்சுட்டு இன்னொண்ணுன்னு இருந்தா வருசம் போயிரும்.

படிப்பு ரூட்டு இப்படி. பி.காம், பி.எஸ்ஸி எது முடிச்சிருந்தாலும் பரவால்ல, ஐம்பது பர்சண்ட் மார்க்கும், இன்டர் காலேஜ் மாதிரி மேட்ச் ஆடுன சர்ட்டிஃபிகேட்டும் இருந்தா பி.பி.எட், அதாவது உடற்கல்வி டிகிரிக்கு அப்ளை பண்ணலாம், அது ரெண்டு வருசம். அப்பறம் எம்.பி.எட் ரெண்டு வருசம். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா வித்யாலயத்துல இருக்குற மாருதி காலேஜ் நம்ம பக்கத்துப் பழைய பேரு, சென்னைன்னா நந்தனம் ஒய்.எம்.சி.ஏ, அது 1920ல ஆரம்பிச்சது. எம்.பி.எட்ல 55 பர்சண்ட் எடுத்து, காலேஜ் வேலைக்கான தகுதித் தேர்வான யூ.ஜி.சி நெட் பாஸ் பண்ணுனாத்தான் டைரக்டர் போஸ்ட்டுக்கு உங்க அப்ளிகேஷன் மேல கண்ணே போகும், நெட் இல்லேன்னா ஸ்டேட் லெவல் தேர்வான செட், அதுவும் இல்லேன்னா பிஎச்டி.

இதுல நெறயப் பேரு மறந்துபோற விசயம் ஒண்ணு இருக்கு, ஃபிட்னஸ் டெஸ்ட். யூ.ஜி.சி ரூல்படி ஆம்பளைங்களுக்கு 12 நிமிச ஓட்டம், முப்பது வயசுக்குள்ளன்னா 1800 மீட்டர், நாப்பதுக்குள்ள 1500 மீட்டர். பொம்பளைங்களுக்கு 8 நிமிச ஓட்டம், முப்பதுக்குள்ள 1000, நாப்பதுக்குள்ள 800. இப்ப ஆடிட்டு இருக்குற உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லேன்னு தோணும். நெட்டுக்கு உக்காந்து ரெண்டு மூணு வருசம் படிச்ச உடம்புக்கு அப்படித் தோணாது, அதனால ஓட்டத்தை மட்டும் விட்டுறாதீங்க.

அடுத்து லைசன்ஸ். இதைக் குடுக்கறது ஏ.ஐ.எஃப்.எஃப், அதாவது அகில இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன். அதுல அடிப் படி ஈ, அதுக்கு மேல டி, அப்பறம் சி, பி, ஏ, உச்சியில ப்ரோ. பொதுவா நேரா மேல தாவ முடியாது, ஒவ்வொரு படியா ஏறோணும், நடுவுல டீமை வெச்சு வேலை செஞ்சிருக்கோணும். காலேஜ் லெவலுக்கு டி கண்டிப்பா வேணும், சி இருந்தா இன்டர்வியூல மரியாதையே வேற. கோல்கீப்பிங் கோச்சுக்குத் தனி லைசன்ஸ் வரிசை இருக்கு, கீப்பரா ஆடுனவங்க அதை யோசிக்கலாம், அந்தப் பக்கம் போட்டி கம்மி.

டி கோர்ஸ் ப்ராக்டிகல்ல எங்க சறுக்குறாங்கன்னு சொல்றேன். உங்ககூட கோர்ஸுக்கு வந்தவங்களே ப்ளேயரா நிப்பாங்க, உங்களுக்கு ஒரு டாபிக் குடுப்பாங்க, உதாரணத்துக்கு பின்னாடி இருந்து பாஸ் போட்டு மேல ஏறறது. நம்மாளுங்க விசிலை ஊதி நிறுத்தி அஞ்சு நிமிசம் லெக்சர் அடிப்பாங்க, அங்கதான் மார்க் போவும். நல்ல கோச் என்ன பண்ணுவாருன்னா, தப்பு நடந்த அதே செகண்ட்ல "ஸ்டாப்"ம்பாரு, எல்லாரும் நின்ன எடத்துலயே நிப்பாங்க, சென்டர் பேக் கிட்டப் போயி "தம்பி உன்ற உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாரு"ன்னு கேப்பாரு, அவனே காலைத் தொறந்து நின்னு அடுத்த ஆளைப் பாப்பான், உடனே அதே எடத்துல இருந்து திரும்ப ஆட விட்டுருவாரு. மொத்தமா இருவது செகண்ட். இந்தப் பழக்கம் கோர்ஸ்ல வராதுங்க, அதுக்கு முன்னாடியே சின்னப் பசங்களை வெச்சுப் பழகியிருக்கோணும்.

அதனாலதான் சொல்றேன், செகண்ட் இயர்லயே ஆரம்பிச்சுருங்க. உங்க ஊர்ல ஸ்கூல் கிரவுண்டு இருந்தா அங்க இருக்குற பி.டி. மாஸ்டர் கிட்ட போயி "சார், சனி ஞாயிறு பசங்களுக்கு சொல்லித் தரட்டுங்களா"ன்னு கேளுங்க, வேண்டாம்ங்கறவரு ரொம்பக் கம்மி. காசு எதிர்பாக்காதீங்க. ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு செஷனையும் எழுதுங்க, என்ன பண்ணுனீங்க, எது ஒர்க் ஆகல, யாரு வந்தாங்கன்னு. இன்டர்வியூல அந்த நோட்டை மேசை மேல வெச்சுப் பேசுங்க, ட்ராஃபியை விட அது நல்லாப் பேசும்.

நம்ம ஊருக்குன்னு சில விசயம் இருக்கு. ஜூன், ஜூலைல பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்துல கோயமுத்தூர், பொள்ளாச்சி பக்கம் தூக்கி அடிச்ச பால் போற எடம் கீப்பருக்கே தெரியாது. அந்த மாசத்துல லாங் பால் ட்ரில் வேண்டாம், தரையோட தரையா பாஸ், நாலு பேரு சுத்தி நின்னு பாஸ் போட ரெண்டு பேரு நடுவுல புடுங்கற நாலுக்கு ரெண்டு வட்டம், சின்ன எடத்துல நாலுக்கு நாலுன்னு வெச்சுக்குங்க. காத்துக்கு எதிர்ல ஆடுற பாதியும் காத்தோட ஆடுற பாதியும் தனித்தனியா பழக்குங்க, டாஸ் ஜெயிச்சா எந்தப் பக்கம்னு கேப்டனுக்குத் தெரியோணும். ஈரோடு, கரூர், சேலம் பக்கம்னா பிரச்சினை வெயில்தான், மார்ச் ஏப்ரல்ல காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஏழரைக்குள்ள முடிச்சுருங்க.

இனி காலேஜுக்குள்ள. கோச் வேலையில பாதி, மேட்சுக்குப் போற பசங்களுக்கு ஓ.டி (ஆன் டூட்டி, அட்டெண்டன்ஸ் போகாம கிளாஸுக்கு வராம இருக்கற பர்மிஷன்) வாங்கற வேலைங்க, இதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல. டோர்னமெண்டும் இன்டர்னல் டெஸ்ட்டும் ஒரே வாரத்துல வரும், மெக்கானிக்கல் ஹெச்.ஓ.டி "எம்பட பையனை அனுப்ப முடியாது"ம்பாரு, பையன் உங்களைப் பாப்பான். அப்ப சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல. செமஸ்டர் ஆரம்பத்துலயே மேட்ச் தேதியை எழுதி எல்லா டிபார்ட்மெண்ட்டுக்கும் குடுத்துருங்க, ப்ளேயரோட அட்டெண்டன்ஸையும் அரியரையும் நீங்களே மாசாமாசம் பாருங்க. அரியர் வெச்ச ஸ்ட்ரைக்கரை வீட்டுக்கே கூப்புட்டுப் படிக்க வெச்ச ஒரு சாரு எனக்குத் தெரியும், அடுத்த வருசம் அந்த டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒரு ஓ.டி கூட நிக்கல.

எலிஜிபிலிட்டி பேப்பர் இன்னொரு தலைவலி. இன்டர் யுனிவர்சிட்டி ஆடுறதுக்கு வயசு 17ல இருந்து 25, பத்தாவது, ப்ளஸ் டூ மார்க் ஷீட், பேரு ஸ்பெல்லிங் எல்லாம் ஒத்துப் போகோணும். டீம் செலக்ட் பண்ணுன அன்னைக்கே ஜெராக்ஸ் வாங்கி ஃபைல் போட்டுருங்க, பஸ் ஏறற அன்னைக்கு தேடுனா கெடைக்காது.

பொண்ணுங்களுக்குத் தனியாவே சொல்றேன். தமிழ்நாடு பெண்கள் டீம் சீனியர் நேஷனல்ஸை 2018லயும் 2023லயும் அடிச்சுது. அவினாசிலிங்கம், கிருஷ்ணம்மாள் மாதிரி பெண்கள் காலேஜ் இருக்குற ஊரு நம்முது. டி லைசன்ஸ் வெச்சிருக்குற பொம்பள கோச்சுங்க போதுமான அளவுக்கு இல்ல, நீங்க வந்தா கதவு சீக்கிரம் தொறக்கும்.

உள்ள போனதுக்கப்பறம் மேல போறது எப்படின்னா, உங்க காலேஜ் பசங்க யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்ட் ஆகோணும், அப்பறம் பாரதியார், பெரியார், அண்ணா யுனிவர்சிட்டி டீமுக்கே கோச்சா சவுத் ஸோன் இன்டர் யுனிவர்சிட்டி டோர்னமெண்ட் போற வாய்ப்பு வரும், அதுக்கப்பறம் ஆல் இந்தியா, கேலோ இந்தியா. டிஸ்ட்ரிக்ட் அசோசியேஷன் லீகுக்கும் டீம் எறக்குங்க, இன்டர் காலேஜ் மேட்ச் மட்டும் ஆடுனா வருசத்துக்கு கைவிரல் விட்டு எண்ணறதுதான். கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல 2019 மார்ச்ல சென்னை சிட்டி டீம் மினர்வா பஞ்சாப் கிட்ட மொதல் கோல் வாங்கி அப்பறம் 3-1ன்னு ஜெயிச்சு ஐ-லீக்னு சொல்ற தேசிய லீக் கப்பை அடிச்சுது. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ், டீம்ல எட்வின் சிட்னி வான்ஸ்பால் மாதிரி தமிழ்நாட்டு ஆளுங்களும் இருந்தாங்க. அந்த லெவல் மேட்ச் நம்ம கிரவுண்டுலயே நடந்துச்சுன்னு உங்க பசங்களுக்குச் சொல்லுங்க, பாதிப் பேருக்குத் தெரியாது.

கடைசியா வேலைக்குச் சேரும்போது வாய்ல பேசுனதை நம்பி சேராதீங்க. சம்பளம் வருசம் பூராவா இல்ல சீசனுக்கு மட்டுமா, லீவு மாசத்துல உண்டா, பால், பிப், கோன் வாங்க வருசத்துக்கு எவ்வளவு, ப்ளேயர் அடிபட்டா ஆஸ்பத்திரி செலவு யாரு, ஸ்போர்ட்ஸ் கோட்டால எத்தனை சீட்டு உங்க கையில, லைசன்ஸ் கோர்ஸுக்குப் போனா லீவு குடுப்பாங்களா. இதெல்லாம் கேட்டு ஆர்டர்லயே எழுதி வாங்கிட்டு, அதுக்கப்பறம் கையெழுத்துப் போடுங்க.