நாட்பட்ட அஜீரணம் சீலியாக் நோயா என்பதைக் கண்டறியும் முறை

மாதக்கணக்கில் வயிற்று உப்புசமும் மந்தமும் தீராமல் இருப்பவரிடம், சப்பாத்தியையும் புரோட்டாவையும் நிறுத்திப் பாருங்கள் என்று மதுரையில் யாரேனும் அக்கறையோடு சொல்லிவிடுவார்கள். சீலியாக் நோய் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபியும் முடியும் வரை கோதுமையை நிறுத்தவே கூடாது. கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்துக்கு எதிராக உடலே தன் சிறுகுடலைத் தாக்குவதுதான் இந்நோய். குளூட்டன் நின்றுவிட்டால் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்குவதால், நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். முன்பே நிறுத்திவிட்டவர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவைக் குறைந்தது 6 வாரங்கள் உண்ட பிறகே பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

வட இந்தியாவை விடத் தென்னிந்தியாவில் இந்நோய் மிகக் குறைவு. ஆனாலும், சர்க்கரை நோய்க்காக இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் இன்று ஏராளம் என்பதால், நாம் சோறு உண்பவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அஜீரணத்துடன் மாத்திரைக்குத் தேறாத இரும்புச்சத்துக் குறைவு, எடை இழப்பு, முழங்கையில் அரிக்கும் கொப்புளங்கள், தைராய்டு கோளாறு, இரத்த உறவினருக்கு இந்நோய் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கிறது. உடல் பருமனாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகிவிடாது. மலத்தில் இரத்தமோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால், இந்தப் பரிசோதனைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் படி, டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ என்ற இரத்தப் பரிசோதனை. ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. அதனுடன் மொத்த ஐஜிஏ அளவையும் கேட்டுப் பெறுங்கள். பிறவியிலேயே ஐஜிஏ குறைந்தவர்களுக்கு முதல் பரிசோதனை நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும் என்பதால், அவர்களுக்கு ஐஜிஜி என்னும் வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படும்.

எதிர்ப்பொருள் உயர்ந்திருந்தால் அடுத்தது எண்டோஸ்கோபி. அஜீரணத்துக்காகச் செய்யும்போது பெரும்பாலும் இரைப்பையிலேயே கவனம் நின்றுவிடுகிறது. ஆகவே சீலியாக் ஐயம் உள்ளதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது மிக முக்கியம். முன்சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் ஓரிரண்டும், அதைத் தாண்டிய பகுதியில் குறைந்தது 4 திசுத் துண்டுகளும் பரிசோதனைக்காக எடுக்கப்பட வேண்டும். கண்ணுக்கு நலமாகத் தோன்றும் குடலிலும், உணவுச் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கலாம்.

அந்தத் தேய்மானம் மட்டுமே தீர்ப்பாகாது. தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட டிராபிகல் ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டலக் குடல் நோய், ஜியார்டியா கிருமி, இரத்த அழுத்தத்துக்கான ஓல்மிசார்டன் மாத்திரை ஆகியவையும் இதே போன்ற சேதத்தை உண்டாக்கக்கூடும். ஆகவே உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதிக் கொண்டுபோக வேண்டும். குழப்பம் தீராவிட்டால் மரபணுப் பரிசோதனை உதவும்: குறித்த மரபணுக்கள் இல்லையென்றால் இந்நோய் அநேகமாக இல்லை, இருந்தால் எதுவும் உறுதியாகாது, ஏனெனில் நலமாக உள்ள பலருக்கும் அவை உண்டு.

நோய் உறுதியானால், வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே மருந்து. ரவையும் சேமியாவும் எளிதில் நினைவுக்கு வரும். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு என்பதால் அதன் உறையையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.