கருப்பட்டி வாசமும் ஸ்காட்ச் ஏலும்: மால்ட் கனத்த பீரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், வீட்டிலேயே பீர் தயாரிக்கும் நண்பர்கள் சிலர் கூடிய சுவைப்பு மேசைக்கு முதன்முறை போனபோது, கொடுத்த தாளில் நான் எழுதிய ஒரே சொல் 'இனிப்பு'. பக்கத்து நாற்காலிக்காரர் அதே கோப்பைக்கு ஏழு வரி எழுதியிருந்தார். டாஃபி, ட்ரீக்கிள் என்ற கருத்த சர்க்கரைப் பாகு, பிளம் பழம், கிறிஸ்துமஸ் கேக் என்று போய்க்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அதைவிடக் கொடுமை, நான் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லும் தவறு. அந்த ஏலில் (ஏல் என்பது பீரில் ஒரு வகை) இனிப்பு அதிகம் இல்லை. தூக்கலாக இருந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசத்தை இனிப்பு என்று எண்ணிவிட்டேன்.

இந்த வகை பீரில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே கீழே சொல்லியிருக்கும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே.

எந்த ஏலை எடுத்துக்கொள்வது?

பழுப்பு ஏல்களில் பல ஊர், பல ரகம். இங்கிலாந்தின் நியூகாசில் பிரவுன் ஏல் 1927 முதல் விற்பனையில் இருக்கிறது, ஆல்கஹால் 4.7 சதவீதம், வாயில் கனம் குறைவு. நாம் எடுத்துக்கொள்ளப்போவது அதற்கு அண்ணன்: ஸ்காட்லாந்தின் 'வீ ஹெவி' என்ற ஸ்காட்ச் ஏல். அந்த ஊர்ப் பேச்சில் 'வீ' என்றால் குட்டி, 'ஹெவி' என்றால் கனத்தது. குட்டிப் புட்டியில் விற்ற கனத்த பீர். ஆல்கஹால் 6.5 முதல் 10 சதவீதம் வரை போகும்.

என் பரிந்துரை டிரக்வேர் ஹவுஸ் ஏல், 7.2 சதவீதம். எடின்பரோவுக்குத் தெற்கே, இன்னர்லீதன் ஊருக்கு அருகில் டிரக்வேர் என்ற பழைய மாளிகை இருக்கிறது. அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த 18-ஆம் நூற்றாண்டு பீர் ஆலையை 1965-இல் வீட்டுக்காரர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் மீண்டும் ஓடவிட்டார். ஏல் நொதிப்பது ஓக் மரத் தொட்டிகளில். அந்த மாளிகையின் கரடி வாசலை 1745-இல், பிரிட்டிஷ் அரியணையை இழந்திருந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் இளவரசர் சார்லஸ் கடந்து போனபின் மூடினார்களாம்; ஸ்டூவர்ட் வம்சம் மறுபடி முடிசூடினால்தான் திறப்பார்களாம். பீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இத்தனை வீம்பு பிடித்த வீட்டின் பீர் என்பதில் எனக்கு ஒரு பிரியம்.

இன்னொன்று. 330 மில்லி புட்டி ஒன்றில் பிரிட்டிஷ் கணக்குப்படி ஏறக்குறைய 2.4 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால்). வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அந்நாட்டு மருத்துவ அறிவுரை. பயிற்சிக்கு 100 மில்லி போதும். கார் ஓட்டும் நாளில் அதுவும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான்.

படி 1: பீரைத் திறக்கும் முன் கருப்பட்டி

இரண்டு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி வெள்ளைச் சர்க்கரை, மற்றதில் அதே எடைக்குத் தூளாக்கிய கருப்பட்டி. நன்றாகக் கரையட்டும். இப்போது மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடியுங்கள். கண்ணையும் மூடிக்கொண்டால் நல்லது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வெறும் இனிப்பாகவே தெரியும்.

கருப்பட்டித் தண்ணீர் வாயில் இருக்கும்போதே மூக்கை விடுங்கள். புகை, வேர், கருகல், பாட்டி வீட்டு அடுப்படி என்று எல்லாம் ஒரே நொடியில் வந்து இறங்கும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு மட்டும். மற்றதெல்லாம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்குப் போன வாசம். மால்ட் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது சமாசாரம்தான்.

முளைகட்டிய பார்லியைச் சூட்டில் உலர்த்தும்போது, புரதக் கூறுகளும் சர்க்கரையும் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயாரின் பெயரால் இது வழங்குகிறது. தோசை ஓரம் முறுகுவதும், ரொட்டியின் மேலோடு சிவப்பதும் இதே வேலைதான். பிறகு ஈஸ்ட் வந்து சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்று ஆல்கஹால் ஆக்கிவிடுகிறது. மணத்தில் பெரும்பங்கு அப்படியே தங்கிவிடுகிறது. ஈஸ்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச் சங்கிலித் துண்டுகளும் மிஞ்சும். அவற்றில் இனிப்பு குறைவு, ஆனால் வாயில் கனம் தரும். வாசத்தில் பாகு, வாயில் கஞ்சிக் கனம், முடிவில் அளவான இனிப்பு: நல்ல வீ ஹெவி இப்படித்தான் ஏமாற்றும்.

படி 2: மேசையைத் தயார் செய்தல்

புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து அரை மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. சில்லென்று குடித்தால் இந்த ஏலின் பாதி வாசம் வெளியே வராது.

கோப்பை மேல்வாய் குறுகி, வயிறு உப்பியதாக இருக்கட்டும். ஒயின் கோப்பையே போதும். பாத்திரம் கழுவும் சோப்பு வாசம் ஒட்டியிருக்கிறதா என்று வெறுங்கோப்பையை ஒருமுறை மோந்து பாருங்கள். நான் ஒருமுறை ஒரு பீரில் 'எலுமிச்சை வாசம்' என்று எழுதி அவமானப்பட்டிருக்கிறேன். இடையிடையே வாயைக் கழுவ வெறும் தண்ணீரும், உப்பில்லாத ரொட்டியும் வேண்டும். மிளகாய்க் குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் உட்காராதீர்கள். மல்லிகைப்பூவும் அத்தரும் அன்று வேண்டாம்.

படி 3: மூக்கு

மூன்றில் ஒரு பங்கு கோப்பைக்கு ஊற்றியவுடன், நுரை அடங்கும் முன்பே மூக்கைக் கொண்டுபோங்கள். சீக்கிரம் பறந்துவிடும் வாசங்கள் உண்டு. நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிப்போகாது. நீளமாக இழுக்க வேண்டாம். இரண்டு மூன்று குட்டி இழுப்பு, பிறகு கோப்பையை விலக்கி உங்கள் சட்டைக் கையை மோந்துகொண்டு மறுபடி வாருங்கள். மூக்கு களைத்துப்போனால் உங்கள் சொந்த வாசம்தான் அதற்கு ஓய்வு.

இனி எழுத வேண்டும். இங்கேதான் டாஃபி, ட்ரீக்கிள் என்ற சொற்கள் நம்மை மிரட்டும். நான் ட்ரீக்கிளை முதலில் பார்த்ததே முப்பது வயதுக்குப் பிறகு; அதை எப்படி ஒரு பீரில் அடையாளம் காண்பேன்? உங்கள் சமையலறைச் சொல்லை எழுதுங்கள். டிரக்வேர் ஏலுக்கு என் தாளில் இருப்பது இது: முதல் மோப்பில் அதிரசப் பாகு, கம்பிப் பதம் தாண்டியது. அடுத்து, ரொட்டியின் கருகிய மேலோடு. கோப்பையை உள்ளங்கையில் ஏந்திச் சற்றுச் சூடேற்றியபின் பேரீச்சம்பழமும் நெய்யில் பொரிந்த உலர்திராட்சையும். அடியில் ஈரமான மரப்பெட்டி வாசம். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் பச்சிலை வாசம் ஏறத்தாழ இல்லை. இந்த வகையில் அது இல்லாததே சரி.

கரி நிலப் புகை (பீட் எனப்படும் சதுப்புநில மண்ணை எரித்த புகை) வாசம் வரவேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். அது விஸ்கியோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டது. புகையூட்டிய மால்ட் இந்த ஏலின் மரபு இல்லை.

படி 4: கண்

வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலிருந்து அடர்பழுப்பு வரை சரி. ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு மின்னினால் அழகு. நுரை பழுப்பு கலந்திருக்கும். ஆல்கஹால் அதிகம் என்பதால் நெடுநேரம் நிற்காமல் போகலாம், அதற்காக மதிப்பெண்ணை வெட்ட வேண்டாம். இவ்வளவுதான்.

படி 5: வாய்

ஒரு பெரிய வாய். உடனே விழுங்காமல், கன்னம் இரண்டும் நனையும்படி ஐந்து விநாடி வைத்திருங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று பள்ளியில் போட்ட வரைபடத்தை மறந்துவிடுங்கள். அது தவறு, எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும்.

விழுங்கியபின் வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். கருப்பட்டித் தண்ணீரில் மூக்கைத் திறந்த நொடி நினைவிருக்கிறதா? அதுதான் இது.

இனி நான் அன்று தவறவிட்ட கேள்வி. விழுங்கிப் பத்து விநாடி கழித்து உதட்டை நக்கிப் பாருங்கள். பிசுபிசுப்பாக, சர்க்கரைத் தண்ணீர் குடித்ததுபோல ஒட்டுகிறதா? அது மிஞ்சிய இனிப்பு. வாய் சுத்தமாகி, வறுத்த வாசம் மட்டும் மேலே நின்றுகொண்டு, இன்னொரு வாய் கேட்கிறதா? அது மால்ட். இந்த வகையில் ஓரளவு இனிப்பு இருக்கலாம். ஆனால் அதைத் தாங்க அடியில் ஒரு மெல்லிய கசப்பும், வறுத்த பார்லி தரும் சின்ன வறட்சியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும்.

ஆல்கஹால் நெஞ்சில் இதமாகச் சூடு பரப்ப வேண்டும். தொண்டையைச் சுட்டால் குறை.

படி 6: குறை கண்டுபிடித்தல்

உருகிய வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் வாசம் வந்தால் அது டைஅசெட்டில். ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டிருக்கிறார்கள். மால்ட் கனத்த ஏலில் இது பாகு வாசத்தோடு ஒளிந்துகொள்ளும் என்பதால் ஏமாறுவது எளிது. நாக்கில் எண்ணெய் தடவியதுபோன்ற வழுவழுப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். பச்சை ஆப்பிள் வாசம் அசெட்டால்டிஹைடு, பெரும்பாலும் பீர் இளசாக இருக்கிறது. வெந்த சோளம் அல்லது முட்டைக்கோசு என்றால் கொதிக்கவைத்ததில் கோளாறு. நகப்பூச்சு நீக்கி வாசம் என்றால் கோப்பையைக் கீழே வைத்துவிடலாம்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் காற்று பட்டுப் பழசானதன் அடையாளம். ஆனால் வருடக்கணக்கில் வைத்த கனத்த ஏலில் ஷெரி ஒயின்போல ஒரு வாசம் வரும். அதுவும் காற்றின் வேலைதான் என்றாலும் பலர் அதை ரசிப்பார்கள். நானும் அந்தக் கட்சி. நிறமற்ற புட்டியில், வெளிச்சத்தில் இருந்த பீரில் ஒரு நாற்றம் வரும். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைப்பதால் உண்டாவது. வெள்ளைக்காரர்கள் அதை ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரால் சொல்வார்கள். நான் மரநாய் என்று எழுதிக்கொள்கிறேன்.

படி 7: மதிப்பெண்

1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் தாள் 50 மதிப்பெண்ணுக்கு. வாசம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. கண்ணுக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு. 21 முதல் 29 வரை பரவாயில்லை, திருத்த வேண்டியது இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்குத் தாளில் அதிக இடமில்லை. இந்த வகைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதே முக்கியக் கேள்வி. முதலில் வரிகளை எழுதுங்கள், எண்ணைக் கடைசியில் போடுங்கள். எண்ணை முதலில் போட்டால் வரிகள் அதற்கு வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும்.

டிரக்வேருக்கு நான் போட்டது: வாசம் 10, தோற்றம் 3, சுவை 17, வாயுணர்வு 4, மொத்தம் 8. ஆக 42.

அதே மாலை, பெயர் மறைத்த கோப்பை ஒன்றும் வந்தது. வாசத்தில் வெள்ளைப் பாகு, வறுத்த மணம் குறைவு. உதடு ஒட்டியது. இரண்டாவது வாய் திகட்டியது. 'இனிப்பு, மால்ட் அல்ல. ஈஸ்ட் பாதியில் நின்றிருக்கலாம்' என்று எழுதி, 6, 3, 11, 3, 5 என்று 28 போட்டேன். கோப்பைக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பினால் என் பெயர். முந்தைய குளிர்காலத்தில் நானே தயாரித்தது. பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்: தொடக்கத்தில் அடர்த்தி (ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இது இறங்கும்) 1.085, புட்டியில் அடைத்தபோது 1.040. பாதியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிட்டது. எழுதி வைத்தவனும் நான், கவனிக்காமல் அடைத்தவனும் நான்.

மிஞ்சிய பதினொரு புட்டியும், ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டு வெடித்துவிடக் கூடாது என்று குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. கேக் மாவில் ஊற்றித் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.