ஷிப்மென்ட் நெருக்கடி: எந்த டென்ஷனை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றிவிடுவது

திருப்பூர் பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருப்பவரிடம் 'டென்ஷன் ஆகாதீங்க' என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது வரும் படபடப்பு வேலைக்குத் தேவையானதுதான். கவனம் கூர்மையாகும், முடிவுகள் சட்டென்று வரும். மன அழுத்த ஆய்வின் முன்னோடியான ஹான்ஸ் செல்யே 1970களில் நல்ல அழுத்தம், கெட்ட அழுத்தம் என்று பிரித்துக் காட்டினார். இரண்டிலும் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும். நல்லது வேலை முடிந்ததும் இறங்கிவிடும். கெட்டது இறங்காமல் அடுத்த ஆர்டருக்கும் கூடவே வரும்.

இரண்டையும் பிரிக்க, மனதை அரிக்கும் விஷயங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்கு முடிவுத் தேதி உண்டா? இதில் முடிவெடுக்க எனக்கு உரிமை உண்டா? இரண்டுக்கும் 'உண்டு' என்றால் அது அப்படியே இருக்கட்டும், உங்களை ஓட வைக்கும். ஒன்றுக்காவது 'இல்லை' என்றால் அதுதான் கழற்றிவிட வேண்டியது. சுமை அதிகம், அதிகாரம் குறைவு என்ற வேலைதான் ஆளைத் தின்னும் என்று வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979லேயே எழுதிவிட்டார்.

துணிக்குச் சாயம் போடும் டையிங்கையே எடுத்துக்கொள்வோம். கட்டிங் டேபிளில் விரித்த பிறகுதான் நிற ஷேடு மாறியிருப்பது தெரிகிறது. துணி திரும்பப் போகிறது. மேனேஜர் அரை மணிக்கு ஒருதரம் போன் போடுகிறார். டையிங்காரர்களும் 'ஆயிருமுங்க' என்கிறார்கள். இப்படிப் பத்து போன் போடுவதற்குப் பதில் ஒரே போனில் கேளுங்கள்: "எத்தனை ரோலுங்க? எந்த மெஷின்ல போட்டிருக்கீங்க? வண்டி எத்தனை மணிக்குங்க ஏறும்?" அடுத்து உங்கள் கெடுவை நீங்களே குறியுங்கள். புதன் மதியம் 12க்குள் துணி வராவிட்டால் தையல் லைனில் வேறு ஸ்டைலை ஏற்றுவது. அன்றைக்கே, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை விட்டு, சரக்கு வாங்கும் பையரிடம் தேதி நீட்டிப்போ, பாதிச் சரக்கு முன்னால் அனுப்ப அனுமதியோ கேட்க வைப்பது. கடைசி இரண்டு நாளில் கேட்டால் பெரும்பாலும் விலைத் தள்ளுபடியில் முடியும், இல்லாவிட்டால் சொந்தச் செலவில் ஏர்ல அனுப்ப வேண்டிவரும்.

பெரும்பாலானோர் சறுக்குவது லைனில் கத்துவதில். கத்தும் மேனேஜரிடம் சூப்பர்வைசர் கெட்ட செய்தியைச் சொல்ல மாட்டார். காலையில் தெரிந்த தையல் கோளாறு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில்தான் வெளியே வரும், டென்ஷன் இரட்டிப்பாகும். "என்னங்கண்ணா பிரச்சனை, இப்பவே சொல்லுங்க" என்று தினமும் காலை 10 மணிக்குப் பத்து நிமிடம் நின்று கேட்டுப் பாருங்கள்.

ராத்திரி போனை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். தீ, ஆளுக்குக் காயம், மெஷின் மொத்தமாக நிற்பது: இந்த மூன்றுக்கு மட்டும் எழுப்பட்டும். டீயை மாலை 4 மணியோடு நிறுத்துங்கள். காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரமாகும்.

இரண்டு வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது, ஒரே மெயிலை நான்கு தடவை படித்தும் ஏறவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416க்குப் போன் போட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நெஞ்சுவலியை மட்டும் 'கேஸ்' என்று தள்ளிப்போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பிய அன்றே அடுத்த ஆர்டரின் கட்டிங்கைத் தொடங்குவதுதான் இங்கே வழக்கம். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி அரை நாளாவது இடைவெளி வாங்குங்கள். திட்டத் தாளிலேயே எழுதி வைத்தால்தான் அது கிடைக்கும்.