ஓடாத உலைக்கு எதுக்கு அண்ணே இன்ஸ்பெக்டர்?

களியக்காவிளை தாண்டி பாறசாலைக்குப் போகிற ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆக்கர் கடை, அதாவது பழைய இரும்புக் கடை, வைத்திருக்கிறார். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். பழைய அணுவுலைகளை மூடிப் பிரிப்பதைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. "ஓடாத வண்டிக்கு எவனாவது பிரேக் மாத்துவானா? கரண்டே எடுக்காத உலைக்கு எதுக்கு அண்ணே இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டுவிட்டார். நான் பல வருஷம் கதிர்வீச்சு அளக்கிற வேலையில் இருந்தவன், இப்போது காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன். சிரித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதே கேள்வியை வேறு வார்த்தையில் படித்த இன்ஜினியர்களும் கேட்டிருக்கிறார்கள், கண்காணிக்க வேண்டியவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. உலையை நிறுத்திய அந்த நொடியிலும் எரிபொருள் தன் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் தந்துகொண்டுதான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றரை சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும், அப்புறம் மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். எரிபொருளைக் குளத்தில் ஆறவைத்து வெளியே கொண்டுபோய்விட்டால் கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கு மேல் அதோடு போய்விடும், அதுவும் உண்மை. இந்த 99-ஐக் கேட்டதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். மிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. அது குழாயின் உள்பக்கம், கான்கிரீட்டுக்குள், உலைத்தொட்டியின் இரும்பில் இருக்கிறது. உலை ஓடிய நாளில் அந்த இடங்களுக்குள் யாரும் போகவில்லை. பிரிக்கிற நாளில் கட்டர் மெஷினோடு நாலு பேர் உள்ளே போகிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில் ரப்சோடி என்று ஒரு சோதனை உலை இருந்தது. சோடியத்தைக் குளிர்விப்பானாக வைத்து ஓடிய வேக ஈனுலை அது, அதாவது ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்குகிற வகை. நம் கல்பாக்கத்தில் 1985-ல் ஓட ஆரம்பித்த சோதனை ஈனுலை அதன் வடிவமைப்பை ஒட்டிக் கட்டியதுதான், அதனால் ஏதோ அந்நிய ஊர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. ரப்சோடியை 1983-ல் மூடிவிட்டார்கள். பதினோரு வருஷம் கழித்து, 1994 மார்ச் 31 அன்று, ஒரு டேங்கின் அடியில் மிஞ்சிக் கிடந்த சோடியத்தை ஆல்கஹால் வகைத் திரவம் விட்டு அழித்துக்கொண்டிருந்தார்கள். டேங்க் வெடித்தது. ஒருவர் இறந்தார், நாலு பேருக்குக் காயம். அவர் கதிர்வீச்சால் சாகவில்லை. சோடியத்தோடு நடந்த ரசாயன வினைதான் அவரைக் கொன்றது. உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அளவை (டோஸ்) காட்டுகிற மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற கண்காணிப்பாளர் கண்ணுக்கு இந்த ஆபத்து படவே படாது.

இதுதான் இரண்டாவது தவறுக்கும் வேர். உலை ஓடிய காலத்தில் எழுதிய விதிப்புத்தகத்தையே பிரிக்கிற காலத்திலும் கையில் வைத்துக்கொண்டு சுற்றுவது. அந்தப் புத்தகத்தில் பம்ப் நின்றால் என்ன செய்வது, உலையை நிறுத்துகிற கட்டுப்பாட்டுக் கழி இறங்காவிட்டால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக இருக்கும். அந்தப் பம்ப்பைப் போன மாதமே கழற்றி லாரியில் ஏற்றியிருப்பார்கள். அதே நேரம் கிரேன் தூக்கும் 40 டன் பாரம், கேஸ் கட்டிங்கில் பறக்கும் நெருப்புப்பொறி, பழைய குழாய்களைச் சுற்றியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ், வெட்டும்போது எழும் தூசி, இதற்கெல்லாம் இரண்டு வரிகூட இருக்காது. தூசியை லேசாக நினைக்கக் கூடாது. ஆல்ஃபா கதிர் வெளியிடும் பொருள் தோலுக்கு வெளியே இருந்தால் ஒரு தாளே அதைத் தடுத்துவிடும், மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் கதை வேறு.

எங்கள் மாமா வீட்டை இடித்தபோது நடந்ததும் இதே மாதிரிதான். குழித்துறைப் பக்கம் பழைய ஓட்டு வீடு, போஸ்டில் கரண்டைத் துண்டித்துவிட்டார்கள், எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. பரணில் இருந்த இன்வெர்ட்டரை யாரும் நினைக்கவில்லை. சுவரை உளியால் கொத்தின பையனுக்கு ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்தான், நல்ல வேளை கீழே மணல். "கரண்ட் இல்லன்னு சொன்னீங்களே மாமா" என்று அவன் கேட்டபோது மாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. பிரிக்கும்போது ஆபத்து ஒரே இடத்தில் நிற்காது, வாரத்துக்கு வாரம் இடம் மாறும். அதனால் பாதுகாப்பு ஆய்வையும் லைசென்ஸ் நிபந்தனையையும் கட்டம் கட்டமாக மாற்றி எழுத வேண்டும். எந்தச் சுவரை எடுத்தால் எந்த அறையின் காற்றோட்டம் கெடும் என்பதை எடுப்பதற்கு முன்னாடியே கேட்க வேண்டும். வருஷத்துக்கு ஒருதடவை வந்து டிக் அடித்துப் போகிற இன்ஸ்பெக்ஷன் இங்கே எதற்கும் ஆகாது.

வரைபடத்தை நம்புவது அடுத்தது. முப்பது நாற்பது வருஷம் ஓடிய உலையில் வரைபடத்தில் இல்லாத குழாய் எத்தனையோ இருக்கும். ராத்திரி ஷிஃப்டில் அவசரத்துக்கு ஒரு பைபாஸ் போட்டிருப்பார்கள், போட்டவர் பென்ஷன் வாங்கிப் போயிருப்பார். ஸ்காட்லாந்தின் வடகோடியில் டூன்ரே என்ற இடத்தில் 65 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டியபோது பாறைக்கழிவை மேலே கொண்டுவர வெட்டியது. 1959-லிருந்து அதைக் கதிரியக்கக் குப்பைத்தொட்டியாக ஆக்கிவிட்டார்கள். எதை எவ்வளவு போட்டோம் என்று ஒழுங்கான கணக்கு கிடையாது. தண்ணீர் பட்டால் வெடிக்கிற சோடியமும் பொட்டாசியமும் உள்ளே போயிருந்தன, அடியில் தண்ணீர் நின்றது. 1977 மே மாதம் வெடித்து மூடியே பெயர்ந்து போயிற்று. கொட்டுவது அன்றோடு நின்றது. போட்டதைத் திரும்ப எடுக்கிற வேலைதான் தலைமுறை தாண்டி இழுக்கிறது. ஆகவே, மூடப் போகிறோம் என்று முடிவானதுமே பழைய ஆட்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தாவது, தெரிந்ததையெல்லாம் சொல்ல வைத்துப் பதிவு செய்ய வேண்டும். இதை லைசென்ஸ் நிபந்தனையாகவே எழுதலாம், தப்பே இல்லை.

"கொஞ்ச நாள் பூட்டி வச்சா தானா ஆறிடும்" என்பதில் பாதி உண்மை. உலை இரும்பில் இருக்கும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஐந்தேகால் வருஷத்துக்கு ஒருதடவை பாதியாகும், 26 வருஷத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிரிட்டனில் பிராட்வெல் உலையை 2018-ல் அப்படித்தான் பூட்டி வைத்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் காத்திருக்காமல் 1990-களிலேயே பிரிக்க ஆரம்பித்தார்கள், அந்த உலைகளை அறிந்த ஆட்கள் அப்போது கூடவே இருந்தார்கள். எது சரி என்பது இடத்தைப் பொறுத்தது. ஆனால் பூட்டி வைத்த கட்டடத்தில் கூரை ஒழுகும், கம்பி துருப்பிடிக்கும், சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் முப்பது வருஷம் ஆகியும் பாதிதான் குறைந்திருக்கும். பூட்டின நாளிலிருந்து ஆய்வாளரும் வராமல் இருந்துவிட்டால் அது காத்திருப்பு ஆகாது, கைகழுவல்தான்.

நம் நாட்டு நிலவரத்தையும் சொல்லாமல் விட முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் வந்தது. டீகமிஷனிங்குக்கான, அதாவது உலையை மூடிப் பிரிப்பதற்கான, பாதுகாப்புக் கையேட்டையும் வெளியிட்டது. 2012-ல் வந்த சிஏஜி (மத்திய தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? கையேடு வந்து 13 வருஷம் கழித்தும், முப்பது வருஷம் ஓடிய நிலையமோ ஏற்கெனவே நிறுத்தியதோ, ஒரு மின்நிலையத்திடம்கூட டீகமிஷனிங் திட்டம் கிடையாது என்றது. ராஜஸ்தானில் ராவத்பாட்டாவின் முதல் உலை 2004-லிருந்தே நின்று கிடந்தது, நினைவில் வையுங்கள். கரண்டு விலையில் யூனிட்டுக்கு 2 பைசா இதற்கென்று பிடிக்கிறார்கள். காசு சேர்த்து வைப்பது நல்லதுதான், ஆனால் எந்தக் குழாயை முதலில் வெட்டுவது என்பதைக் காசு சொல்லாது. மூடும் திட்டத்தைக் கட்டும்போதே கேட்டு வாங்குவதும், சில வருஷத்துக்கு ஒருதடவை அதைத் திருத்தச் சொல்வதும் ஒழுங்குமுறை செய்கிறவர்களின் வேலை.

அப்புறம் ஆட்கள். எனக்கு இதுதான் மனசுக்கு நெருக்கமான விஷயம். பெர்மிட் இங்கிலீஷில் இருக்கும், காலையில் சூப்பர்வைசர் இந்தியில் பேசுவார், கொல்லங்கோட்டுப் பக்கத்துப் பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். ஒரு சைட்டில் (பேர் வேண்டாம்) மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவனின் பாத்திரப் பைக்குள் அவன் மேல் பட்ட கதிர்வீச்சைக் கணக்கு வைக்கிற டோஸ் பேட்ஜ் கிடந்ததைப் பார்த்தேன். நெஞ்சில் குத்தியிருக்க வேண்டியது, சோற்றுப்பாத்திரத்துக்கும் ஊறுகாய் டப்பாவுக்கும் நடுவில். "ஏன் மக்கா இது இங்கே?" என்றேன். "டோஸ் ஏறிட்டா வேலை கிடையாது அண்ணே, வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ரெண்டு மாசமா தங்கச்சி நகைக்குச் சேர்த்துக்கிட்டிருக்கேன்" என்றான். வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கிற அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது, ஐந்து வருஷத்தில் 100 என்று வரம்பு இருக்கிறது. அந்த மாதக் கணக்கில் அவன் பேரில் அழகான சின்ன எண் வந்திருக்கும், அதைப் பார்த்து ஆய்வாளரும் சந்தோஷப்பட்டிருப்பார். டோஸ் குறைவாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன், அந்த ஆள் எங்கே நின்று வேலை செய்தான், அந்த இடத்தின் அளவு என்ன, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வரம்பை எட்டியவனுக்குக் கதிர்வீச்சு இல்லாத இடத்தில் அதே கூலியில் வேலை கொடுக்காத வரைக்கும் பேட்ஜ் பாத்திரப் பைக்குள்தான் போகும். பொறுப்பை சப் காண்ட்ராக்டரிடம் தள்ளவும் விடக் கூடாது. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஆக்கர் கடைக்கே வருகிறேன். ஓர் உலையைப் பிரித்தால் பெரும்பகுதி சாதாரணக் கான்கிரீட்டும் இரும்பும்தான், அதை வெளியே விடலாம். ஆனால் எது சாதாரணம் என்று சொல்கிற மீட்டர் சரியாக இருக்க வேண்டும். பிரிட்டனின் செல்லாஃபீல்டில் 2010-ல் புதிய அளவைக் கருவியின் அமைப்பில் பிழை. கதிரியக்கக் கழிவு இருந்த நாலு பை பொதுக் குப்பை என்று பாஸாகி லில்லிஹாலில் உள்ள குப்பைக்கிடங்குக்குப் போய்விட்டது. 2013-ல் நீதிமன்றம் 7 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. கருவி வாங்கியாயிற்று என்பதோடு ஆய்வாளர்கள் நின்றுவிடுகிறார்கள். தெரிந்த கதிரியக்க மாதிரியை வைத்து அது கத்துகிறதா என்று பார்ப்பதில்லை.

கதவு தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி மாயாபுரி போதும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவியை 2010-ல் ஏலத்தில் விட்டார்கள், பழைய இரும்புக் கடைக்காரர்கள் வெட்டினார்கள், ஒருவர் இறந்தார், மற்றவர்கள் கையும் உடம்பும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்கும் முன்னால் 2008-ல் பிரான்சில் லிஃப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருந்தது தெரியவந்தது. அந்த உலோகம் இந்தியாவிலிருந்து போனது.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மணவாளக்குறிச்சியிலிருந்து சவரா வரைக்கும் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது, அதற்குள் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள். மீட்டர் சும்மாவே கொஞ்சம் பேசும். "நம்ம மணல்லயே இருக்கு, உலைக்கு எதுக்குப் பயம்" என்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மணலில் இருப்பது இயற்கையாக இருக்கிறது, அதற்காக மேலே இன்னும் கொட்டலாம் என்று ஆகிவிடாது. ஓர் இடத்தைச் சுத்தம் செய்து முடித்தோம் என்று சொல்ல வேண்டுமென்றால், உலை கட்டுவதற்கு முன் அந்த மண் எவ்வளவு காட்டியது என்ற கணக்கு வேண்டும். வேறு ஊர் அளவை வைத்து இங்கே கழித்தால் ஒன்று இல்லாத அழுக்கைத் தேடுவோம், இல்லையென்றால் இருக்கிற அழுக்கை மணல் தலையில் கட்டுவோம்.

போன மாதம் கடைக்காரர் போன் செய்தார். யாரோ எடைக்குப் போட்ட மூட்டையில் பானை மாதிரி ஒரு சாமான், அளவுக்கு மீறின கனம், ஒரு பக்கம் மஞ்சள் பெயின்ட். வெட்டாமல் மூலையில் ஒதுக்கி, பையன்களைப் பக்கத்தில் விடாமல் வைத்திருந்தார். மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சாமானில் ஒன்றுமில்லை, வெறும் ஈயம். வாசலில் வீடு கட்ட யாரோ இறக்கியிருந்த கடல்மணல் குவியலில்தான் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

"அப்ப இதை எடைக்குப் போடலாம்தானே அண்ணே?" என்றார். போடலாம் என்றேன். தராசை இழுத்துக்கொண்டு வந்தார்.