கேளிக்கைப் பூங்கா விடுதி: அறை வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்

பெங்களூரில் வசிக்கும் நம் குடும்பங்கள், விடுமுறையில் பிள்ளைகளை மைசூர் சாலையில் பிடதி அருகே உள்ள வொண்டர்லாவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடும்போது, பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டில் தங்குவதா, சற்றுத் தள்ளி மலிவான விடுதியைத் தேடுவதா என்ற கேள்வி எழுவது இயல்பு. வாடகையோடு காலை உணவு, கூடுதல் படுக்கை, போக்குவரத்து ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள்.

வரியை மிகவும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரியுடன் 7,770 ரூபாய் ஆகும். 7,600 ரூபாய் அறைக்கோ 8,968 ரூபாய் ஆகிவிடும். வாடகையில் 200 ரூபாய்தான் வித்தியாசம், ஆனால் நாம் கட்டும் தொகையில் அது ஏறத்தாழ 1,200 ரூபாய். வார இறுதியில் இந்த வரம்பைத் தாண்டும் அறை வார நாளில் அதற்குள் அடங்கக்கூடும் என்பதால், இரு தேதிகளுக்கும் விலை பார்த்த பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

தாத்தா, பாட்டியோ கைக்குழந்தையோ உடன் வந்தால், சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் பூங்காவை ஒட்டிய அறையே நல்லது என்பது என் கருத்து. மாலையில் களைத்துப்போன நிலையில் அவர்கள் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காலை உணவு சேராத அறை கிடைத்தால் தயங்க வேண்டாம், பிடதியின் தட்டு இட்லி பெயர்பெற்றது. நீர் விளையாட்டுகளுக்குரிய நைலான் உடைகளை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால், அங்கே வாங்கும் செலவும் மிச்சமாகும்.