கொடுக்கு அசைக்கும் நண்டு: அசைப்பையும் ஓட்டத்தையும் அளப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவியின் கண்டல் ஓரச் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளைக் காணலாம். ஆண் அந்தக் கொடுக்கை உயர்த்தி உயர்த்திப் பெண்ணைத் தன் வளைக்கு அழைக்கும். வேகமாக அசைக்கும் ஆணிடம்தான் பெண் போகிறதா, அந்த ஆண் ஓட்டத்திலும் கெட்டிதானா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை.

நாள் பார்த்துப் போங்கள். மாரியில் சேறு தண்ணீருக்குள் போய்விடும். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் வற்றுப்பெருக்கே தெரியாது.

வளைகளிலிருந்து 2 மீற்றர் தள்ளி, நிழல் அவற்றின்மேல் விழாதபடி உட்காருங்கள். எல்லாம் உள்ளே ஓடிவிடும். 15 நிமிடம் ஆடாமல் இருந்தால் திரும்ப வரும். போனைத் தாங்கியில் வைத்து, ஓர் ஆணை 2 நிமிடம் படமெடுங்கள். கொடுக்கு ஏறி இறங்கினால் ஓர் அசைப்பு. பெண் கிட்ட வந்தால் ஆண் வேகமாக அசைக்கும், சூடு ஏறினாலும் அப்படித்தான். ஆகவே பெண்ணின் தூரத்தையும் சேற்றின் வெப்பநிலையையும் எழுதாத எண்ணிக்கையை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பெண் வளைக்குள் நுழைந்ததும் ‘வெற்றி’ என்று எழுதிவிடாதீர்கள். அது பல வளைகளை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரும். இரண்டும் உள்ளே இருக்க, வாசல் சேற்றால் அடைபட்டால்தான் கணக்கு.

பிடிப்பது படமெடுத்த பிறகே. அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். வளைக்குப் பக்கத்தில் இலக்கமிட்ட குச்சி நடுங்கள். கொடுக்கின் நீளத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, பற்களைப் பாருங்கள். ஒடிந்து மறுபடி முளைத்த கொடுக்கு சில இனங்களில் மெலிந்து, பெரிய பல் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். நீளத்தில் குறையாது, பிடியில் வலுவிராது. பார்வைக்குப் பயில்வான்! இவற்றைத் தனி நிரலில் எழுதுங்கள்.

ஓட்டத்துக்கு 1 மீற்றர் பிவிசி பீலி போதும். வெறும் பிளாஸ்டிக்கில் கால் வழுக்கும்; ஈரமணல் பரப்பி, விளிம்பில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். மென்தூரிகையால் தொட்டு ஓடவிட்டு, நொடிக்கு 60 பிரேமில் எடுங்கள். 20 பிரேமில் 10 செ.மீ. கடந்தால் வேகம் நொடிக்கு 30 செ.மீ. மூன்று ஓட்டம், இடையில் 10 நிமிட ஓய்வு. சராசரி வேண்டாம், அதிவேகத்தையே எடுங்கள். மனமில்லாமல் ஓடியது அதன் திறனைக் காட்டாது.

காத்திருக்கும் நண்டை ஈரச்சேற்றோடு நிழலில் வையுங்கள், செவுள் காயக்கூடாது. முடிந்தவுடன் அதே குச்சியடியில் விடுங்கள். தாமதித்தால் வேறோர் ஆண் வளையைப் பிடித்துவிடும்.