மதுரையில் இறங்கும்போது: கடைசி வரிசைதான் முதல் வரிசை

மதுரைக்கு வரும் ஏடிஆர் ரகச் சிறிய விமானங்களில் நாம் ஏறி இறங்கும் கதவு வால் பக்கம் இருக்கிறது. அதனால் பின்வரிசைக்காரர்கள்தான் முதலில் இறங்குவார்கள். முன்வரிசையில் இருந்துகொண்டு, சீட் பெல்ட் விளக்கு அணையும் முன்பே எழுந்து கழுத்தை வளைத்து நிற்பதில் ஒரு பயனும் இல்லை.

ஏறும்போதே பையை இருக்கைக்கு நேர் மேலே வையுங்கள். இடமில்லையா, பின்பக்கமாக வையுங்கள்; முன்னால் வைத்தால் இறங்கும் கூட்டத்துக்கு எதிரே போய் எடுக்க வேண்டும். பக்கத்தில் வயதான அம்மா இருந்தால், "இருங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று அவர் பையையும் இறக்கிக் கொடுங்கள்.

செக்-இன் லக்கேஜ் போட்டவர்களுக்கு அவசரமே வேண்டாம். முண்டியடித்துப் போனாலும் லக்கேஜ் வரும் பெல்ட் முன்னால்தான் நிற்கப் போகிறீர்கள். பெரிய விமானம் என்றால் பெரும்பாலும் முன்கதவு, கணக்கு தலைகீழ்.